ஒத்திகை இல்லாம விடியவிடிய நாடகம் – வாசகர் கேள்வி பதில்

(போன இதழ்ல பழைய நாடகக் கம்பெனிகளைப் பத்தி சும்மா நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பார்க்கவே இல்ல. அதனால இந்த வாரம் முழுக்க நாடகம்தான்.)

கேள்வி: எங்க தாத்தா சின்ன வயசுல "பாய்ஸ் கம்பெனி"யில இருந்தாராம். அது என்ன கம்பெனி? பசங்களை மட்டும் வச்சு எதுக்கு நடத்தினாங்க? – வாசகி, காரைக்குடி

பதில்: பள்ளிக்கூடம், விடுதி, வேலை மூணும் ஒரே கூரைக்குக் கீழ இருந்த இடம்மா அது. பெரியவங்க நடிச்ச கம்பெனிகள்ல நாடக வாத்தியார் எழுதிக் குடுத்த பாடம் (பாட்டும் வசனமும்) ஒண்ணா இருக்கும், மேடையில வேற ஒண்ணு நடக்கும், ஆளாளுக்குப் போட்டிப் பாட்டு, வாய்க்கு வந்த வசனம்னு ஆகிப்போச்சு. அதுல மனசு நொந்துதான் நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் பசங்க பக்கம் திரும்பினார். 1867ல தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பொறந்தவர், அவரே பெரிய நடிகர், எமன் வேஷம் கட்டினா ஜனங்க நடுங்குவாங்க. அவர் எமனா வந்ததைப் பாத்து பயந்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைஞ்சுபோச்சு, அதுக்கப்புறம்தான் வேஷத்தை விட்டுட்டு வாத்தியாரா மாறினார்னு நாடகக்காரங்க இன்னிக்கும் சொல்லுவாங்க.

1918ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாங்கற பாய்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சார். பின்னாடி சொந்தக் கம்பெனி நடத்தின டி.கே.எஸ். சகோதரர்கள்ல சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூணு பேரும் அந்த வருஷமே அதுல சேந்தாங்க, சண்முகத்துக்கு அப்ப ஆறு வயசு. அந்தக் குழந்தைக்காகவே சுவாமிகள் ஒரே ராத்திரியில உக்காந்து அபிமன்யு சுந்தரி நாடகத்தை பாட்டும் வசனமுமா முழுசா எழுதி முடிச்சாராம். பசங்களுக்குச் சாப்பாடு, படுக்கை, பாட்டு, பாடம் எல்லாமே கம்பெனி வீட்டுலதான். வீட்ல கஞ்சிக்கு வழியில்லாத எத்தனையோ பிள்ளைங்க தமிழ் கத்துக்கிட்டது அங்கதான்.

ஆனா அதுல கஷ்டமும் இருந்துச்சு, அதைச் சொல்லாம விட எனக்கு மனசு வரல. அம்மா அப்பாவை விட்டு வருஷக்கணக்கா ஊர் ஊரா அலையணும், அடியும் விழும், பதிமூணு பதினாலு வயசுல மகரக்கட்டு வந்து குரல் உடைஞ்சா அதுவரைக்கும் ராஜபார்ட்டா (கதாநாயகனா) நின்ன பையன் ஒரே நாள்ல ஓரமா உக்கார வேண்டியதுதான். உங்க தாத்தா கம்பெனியைப் பத்தி வீட்ல அதிகம் பேசாம இருந்திருந்தா, அதுக்கு இதுகூட காரணமா இருக்கலாம்.

கேள்வி: சினிமாவுக்கு வந்த பெரிய நடிகர்கள் எல்லாம் இங்கேர்ந்துதானா? – வாசகர், சேலம்

பதில்: நிறைய பேர். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, கலைவாணர் டி.கே.எஸ். கம்பெனி, சிவாஜி யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளை கம்பெனி.

கேள்வி: எங்க ஊர் திருவிழாவுல வள்ளி திருமணம் போட்டாங்க. வள்ளியா நடிச்சவங்க ஒரு ஊர், நாரதர் வேற ஊர், அன்னிக்குத்தான் மொத தடவை பாத்துக்கறாங்களாம்! ஒத்திகையே இல்லாம எப்படி விடியவிடிய நடிக்கிறாங்க? – வாசகர், மேலூர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் எழுத உக்காந்தேன்.

சுவாமிகள் 1922ல புதுச்சேரியில காலமானார். அவர்கிட்ட படிச்ச டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ல சொந்தமா பால சண்முகானந்தா சபாவை ஆரம்பிச்சு, சினிமா வந்து கொட்டகைகளைப் பிடிச்ச காலத்துலயும் தாக்குப்பிடிச்சு, 1950ல கம்பெனியைக் கலைச்சாங்க. மத்த கம்பெனிகளும் ஒவ்வொண்ணா போச்சு. ஆனா சுவாமிகளோட பாடம் கலையல. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் வாய்வழியா, கையெழுத்து நோட்டு வழியா எல்லா நடிகர்கிட்டயும் போய்ச் சேந்துச்சு. எல்லாருக்கும் ஒரே பாடம்ங்கறதால யார் யாரோட வேணா சேந்து நடிக்கலாம், இதைத்தான் ஸ்பெஷல் நாடகம்ங்கறோம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், ஆர்மோனியம், மிருதங்கம்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா புக் பண்றது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடியில எல்லாம் நடிகர் சங்கம் இருக்கு. என்னைக் கேட்டா இந்த மாவட்டங்கள் மொத்தமும் சேந்து ஒரே கம்பெனிதான், அதுக்கு முதலாளி மட்டும் கிடையாது.

ஒரு தடவை சிவகங்கை பக்கம் ஒரு கிராமத்துல மேடைக்குப் பின்னாடி மேக்கப் போடற தட்டிப்பந்தல்ல உக்காந்திருந்தேன், ராத்திரி பத்தரை மணி. வள்ளி கண்ணாடியை மடியில வச்சு மை தீட்டிக்கிட்டே, "அண்ணே, தர்க்கம் எதுலேர்ந்து எடுக்குறீங்க?"ன்னு கேட்டாங்க. நாரதர் தாடியை ஒட்டிக்கிட்டே, "நீ மொதல்ல கேளுத்தா, நான் புடிச்சுக்கறேன்"னார். அவ்ளோதான் ஒத்திகை. அப்புறம் மேடையில ரெண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் விட்டுக்குடுக்காம தர்க்கம் பண்ணினாங்க. ஆர்மோனியக்காரர் ஒருத்தர்தான் ரெண்டு பேர் சுருதிக்கும் மாறி மாறி ஈடுகுடுத்துக்கிட்டு, யாருக்காவது அடி மறந்தா தான் பாடறமாதிரி எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தார். முன்னாடி பாயில உக்காந்திருந்த பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா அடுத்த வரி அவங்க வாயில தயாரா இருந்துச்சு.

கேள்வி: நாடகம் வெறும் பொழுதுபோக்குதானே? சுதந்திரப் போராட்டத்துல பங்கு உண்டுன்னு சொல்றது மிகைன்னு நினைக்கிறேன். – வாசகர், கோவை

பதில்: மிகை இல்லீங்க. அதே வள்ளி திருமணத்தையே எடுத்துக்குங்க. தினைப்புனத்துல பறவை விரட்டற காட்சியில வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடினா அது எந்த வெள்ளையனைச் சொல்லுதுன்னு கூட்டத்துக்குத் தெரியும், வாசல்ல நிக்கிற போலீசுக்கும் தெரியும். நாடக நடிகர் விசுவநாத தாஸ் இப்படிப் பாடியே பல தடவை கைதானவர். மருத்துவர்னு சொல்ற முடிதிருத்துற சமூகத்துல பொறந்தவர்ங்கறதால அவரோட சேந்து நடிக்க மாட்டோம்னு சொன்ன நடிகர்களும் இருந்தாங்க, அந்த அவமானத்தையும் சுமந்துக்கிட்டுதான் மேடை ஏறினார். 1940 டிசம்பர் 31ந் தேதி சென்னையில முருகனா வேஷம் கட்டி மயில் மேல உக்காந்து பாடிக்கிட்டிருக்கும்போதே உயிர் போச்சு. இதைப் பொழுதுபோக்குன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

கேள்வி: இந்த வருஷம் திருவிழாவுக்கு நாடகம் வேணாம், ஆர்கெஸ்ட்ரா வைப்போம்ங்கறாங்க எங்க ஊர்ப் பசங்க. நான் என்ன சொல்லட்டும்? – வாசகர், திருப்பத்தூர் (சிவகங்கை)

பதில்: ரெண்டு நாள் திருவிழான்னா ஒரு நாள் ஆர்கெஸ்ட்ரா, ஒரு நாள் நாடகம்னு வைங்க, பசங்களோட சண்டை வேணாம். ஆனா நாடகத்தை நிறுத்திடாதீங்க. பங்குனியிலேர்ந்து ஆடிக்குள்ள கிடைக்கிற ராத்திரிகளை வச்சுத்தான் அந்தக் குடும்பங்கள் மழைக்காலத்தை ஓட்டணும், ஒரு ஊர் விட்டா அவங்களுக்கு ஒரு ராத்திரி சம்பளம் போச்சு. ஏஜென்ட்டுக்கு மட்டும் போன் போட்டுட்டு இருந்துடாம பக்கத்துச் சங்கத்துக்கு நேர்ல ஒரு நடை போங்க, அந்தப் பசங்கள்ல ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போங்க, மொதல்ல நல்ல ஆர்மோனியக்காரர் யாருன்னு கேட்டு அவர் டேட்டை வாங்குங்க. அவர் சரியா அமைஞ்சுட்டா மத்தவங்களை அவரே சொல்லுவார்.