ஃபுட்பாலுக்கு ஊரே திரள்கிறது, வாலிபாலுக்கு ஏன் அறுபது பேர்?

கேள்வி: நாங்கள் டாலஸ் புறநகரில் இருக்கிறோம். என் மகள் ஹைஸ்கூல் வாலிபால் அணியில் ஆடுகிறாள். மூன்று வருடமாக அந்த அணி ப்ளேஆஃப் வரை போகிறது. எங்கள் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) அணியோ போன சீசனில் ஜெயித்ததை விடத் தோற்றதுதான் அதிகம். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. மகள் ஆட்டத்துக்கு ஐம்பது, அறுபது பேர், அதுவும் பெரும்பாலும் பெற்றோர்தான். பெண்கள் ஆட்டம் என்பதால்தானா இப்படி? அணிக்கு ஆதரவு திரட்டும் பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப்பில் கூட்டம் சேர்க்கும் பொறுப்பை இந்த வருடம் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெண்கள் ஆட்டம் என்பதும் ஒரு காரணம்தான். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை, பிறகு வருகிறேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதில் உங்களால் கை வைக்கவும் முடியும். பள்ளி விளையாட்டுக்கு வருகிற கூட்டத்தில் ஆட்டத்துக்காகவே வருகிறவர்கள் கொஞ்சம்தான். அன்று மாலை அங்கே இருந்தே ஆக வேண்டிய காரணம் எத்தனை வீடுகளுக்கு இருக்கிறதோ, அத்தனை வீடுகள் வருகின்றன.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போய் எண்ணிப் பாருங்கள். பெரிய டெக்சஸ் பள்ளியில் உடை மாட்டி நிற்கும் ஆட்டக்காரர்களே அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். மார்ச்சிங் பேண்டில் இருநூறு பிள்ளைகள் இருந்தால் அது சாதாரணம். அப்புறம் சியர் அணி, ட்ரில் டீம், கொடி சுழற்றும் கலர் கார்ட், ஸ்டாண்டில் நாச்சோஸ் விற்று நிதி சேர்க்கும் பெற்றோர். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து இரண்டு பேர் என்று வைத்தாலும் பேண்ட் மட்டுமே 400 பேரைக் கூட்டி வந்துவிடும். ஹாஃப்டைமில் பேண்ட் வாசித்து முடித்ததும் எழுந்து போகிற பெற்றோரைக் கவனித்தால் விஷயம் விளங்கும். அவர்களுக்கு ஸ்கோர் இரண்டாம் பட்சம். அணி தோற்றாலும் அந்தக் கேலரி ஓரளவு நிறைவது இதனால்தான்.

இப்போது உங்கள் மகளின் அணிக்கு வாருங்கள். பன்னிரண்டு, பதினைந்து பெண்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்று கணக்குப் போட்டால் அறுபது. அதாவது வர வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இதைப் பூஸ்டர் கிளப் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊர் நம்மைப் புறக்கணிக்கிறது என்ற வருத்தத்தோடு தொடங்கினால் வேலை தவறான பக்கம் போகும்.

அடுத்தது அருமை, அதாவது எப்போதாவதுதான் கிடைப்பது. ஃபுட்பாலில் சாதாரண சீசன் முழுக்கவே 10 ஆட்டம், அதில் சொந்த ஊரில் ஐந்து. ஒன்றில் ஹோம்கமிங் வந்துவிடும். பழைய மாணவர்கள் வருவார்கள், பெண் பிள்ளைகள் ரிப்பனும் மணியும் தொங்கும் பெரிய மம் பூவைக் குத்திக்கொண்டு நிற்பார்கள். மீதி நான்கையும் தவறவிட மனம் வராது. வாலிபாலில் டோர்னமென்ட்களையும் சேர்த்தால் சீசனுக்கு முப்பது ஆட்டத்துக்கு மேல் போகும். இன்று விட்டால் செவ்வாய்க்கிழமை இன்னொன்று இருக்கிறது என்ற நினைப்பு பெற்றோரையே தளர்த்திவிடும், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கவே வேண்டாம்.

நேரமும் ஒரு பெரிய விஷயம். வெள்ளி இரவு ஃபுட்பாலுக்கு என்பது வெறும் பழக்கம் மட்டும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலேயே அதற்கு ஒரு வேலி உண்டு. தொழில்முறை லீக்குகள் தங்கள் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்க, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விலக்கு கொடுத்தது. 1966-இல் திருத்தப்பட்ட அதே சட்டம், செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேலும் சனிக்கிழமையும், 75 மைலுக்குள் கல்லூரி அல்லது ஹைஸ்கூல் ஆட்டம் நடக்கும் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து தொழில்முறை ஃபுட்பாலை ஒளிபரப்பினால் அந்த விலக்கு கிடையாது என்றும் சொல்லிவிட்டது. அதனால்தான் ஹைஸ்கூல் சீசனில் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் வழக்கமாக வெள்ளி இரவில் ஆடுவதில்லை. உங்கள் மகளின் செவ்வாய்க்கிழமைக்கு அப்படி ஒரு காவல் இல்லை. டெக்சஸில் வாலிபால் பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும்தான். பல பள்ளிகள் வெள்ளி ஆட்டத்தை ஃபுட்பாலுக்கு வழிவிட்டு மாலை நாலரை, ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் வேலையை விட்டு யாரால் வர முடியும்?

பணமும் அதே பக்கம்தான் போயிருக்கிறது. உங்கள் பக்கத்து ஆலன் நகரத்துப் பள்ளி 2012-இல் திறந்த 18,000 இருக்கை அரங்கத்துக்கு ஏறக்குறைய 6 கோடி டாலர் ஆனது. அந்தப் பள்ளி 2013 டிசம்பரில் பியர்லேண்ட் அணியோடு ஆடிய மாநில இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆர்லிங்டன் அரங்கத்தில் 54,347 பேர் கூடினார்கள்.

சரி, பெண்கள் ஆட்டம் என்பதாலா என்ற கேள்விக்கு வருவோம். கல்வி நிலையங்களில் பாலின வேறுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் 1972-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் நாடு முழுவதும் ஹைஸ்கூல் விளையாட்டில் இருந்த பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இப்போது முப்பது லட்சத்துக்கு மேல். அதாவது பெரும்பாலான பள்ளிகளில் பெண்கள் அணி உருவாவதற்குள், வெள்ளி இரவும் பேண்டும் ஹோம்கமிங்கும் பையன்கள் ஆட்டத்தைச் சுற்றிப் பல தலைமுறையாக வேர் பிடித்துவிட்டன. நல்ல நேரம் எல்லாம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. இந்தியானாவில் ஒரு பள்ளி மாவட்டத்தில் பையன்கள் பாஸ்கெட்பால் ஆட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஜனம் வரக்கூடிய இரவுகளிலும், பெண்களுக்கு ஏறக்குறைய பாதி மட்டுமே அப்படியும் வைக்கப்பட்டிருந்தன. வழக்கு போனபோது 2012-இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளவில்லை. ஆட்ட நேரமும் விளம்பரமும் டைட்டில் நைன் சட்டத்தின் விதிகளிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை. உங்கள் பள்ளியிலும் பெண்கள் பாஸ்கெட்பாலையும் பையன்கள் பாஸ்கெட்பாலையும் எந்தெந்தக் கிழமையில் வைக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். அது நேர்மையாகக் கேட்கக்கூடிய கேள்வி.

ஆனால் பெண்கள் ஆட்டம் என்றாலே கூட்டம் வராது என்று யாராவது சொன்னால், அயோவா மாநிலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. அங்கே பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு மாநில டோர்னமென்ட் 1920-லேயே தொடங்கிவிட்டது. 1925-இல் ஆண்கள் கையில் இருந்த பள்ளி விளையாட்டுச் சங்கம் அதைக் கைவிடப் பார்த்தது. சிறு ஊர்ப் பள்ளித் தலைவர்கள் சிலர் பிரிந்து போய்ப் பெண்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். மூன்று பேர் கோல் போட, மூன்று பேர் தடுக்க, யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. இப்படி ஆறு பேர் ஆட்டம் அது. 1968 இறுதி ஆட்டத்தில் யூனியன்-விட்டன் பள்ளி எவர்லி பள்ளியைக் கூடுதல் நேரத்தில் 113–107 என்று வென்றது. வென்ற அணியின் டெனிஸ் லாங் 64 புள்ளி, தோற்ற அணியின் ஜெனட் ஓல்சன் 76 புள்ளி. டி மாய்ன் நகரத்துப் பெரிய அரங்கம் ஆண்டுதோறும் இந்தப் பெண்களுக்காக நிரம்பியது. பல ஊர்களில் பையன்கள் ஆட்டத்தை விடப் பெண்கள் ஆட்டத்துக்கே அதிகம் பேர் வந்தார்கள்.

அது எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அந்தச் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் ஃபுட்பால் அணி கட்டும் அளவுக்குப் பையன்களே இல்லை. ஆகவே ஊரின் பெயரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது பெண்கள் அணிதான். மார்ச் மாதம் விதைப்புக்கு முன்னால், விவசாயிகளுக்குக் கொஞ்சம் ஓய்வான நேரம். 1954 முதல் அந்தச் சங்கத்தை நடத்திய வேய்ன் கூலி, டோர்னமென்ட்டைப் பேண்டும் அணிவகுப்புமாக ஒரு பெரிய நிகழ்ச்சியாக வளர்த்தார். தொலைக்காட்சி அதைப் பக்கத்து மாநிலங்களுக்கும் கொண்டுபோனது. 1993-இல் ஆறு பேர் ஆட்டம் முடிவுக்கு வரும்வரை அயோவாப் பெண் பிள்ளைகளுக்கு அந்த அரங்கம் ஒரு கனவு. இதில் எதுவும் தானாக வந்துவிடவில்லை, பெரியவர்கள் உட்கார்ந்து திட்டமிட்டுக் கட்டியது.

வாலிபால் மேலேயும் குறை இல்லை. நெப்ராஸ்காவில் 2023 ஆகஸ்ட் 30 அன்று பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் ஆட்டம் ஒன்றை ஃபுட்பால் அரங்கத்தில் வைத்தார்கள், 92,003 பேர் வந்தார்கள். நம் ஊரிலேயே பொங்கல் விடுமுறையில் விளக்குப் போட்டு நடத்தும் வாலிபால் போட்டிக்கு நள்ளிரவு தாண்டியும் ஆள் நிற்பார்களே! உங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் ஃபுட்பால் விதி புரியாமல் விழிக்கும் அப்பாக்கள் நிறையப் பேருக்கு வாலிபால் நன்றாகத் தெரியும். அவர்களை இதுவரை யாராவது அழைத்திருக்கிறார்களா?

இனி செய்ய வேண்டியது. எல்லா ஆட்டத்தையும் நிரப்பப் பார்க்காதீர்கள். ஒரு சீசனுக்கு இரண்டு இரவு போதும். இரண்டும் செவ்வாயாக இருக்கட்டும், எதிரணி பக்கத்துப் பள்ளியாக இருக்கட்டும். மகள்கள் சின்ன வயதிலிருந்து ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடி, இப்போது வலைக்கு இரு பக்கமும் நிற்கும் ஆட்டம் என்றால் இன்னும் நல்லது. டிஸ்ட்ரிக்ட் அட்டவணை உங்கள் கையில் இல்லை, ஆனால் அதில் எந்த இரவைத் தூக்கிப் பிடிப்பது என்பது உங்கள் கையில்தான்.

முதல் இரவுக்கு உங்கள் ஹைஸ்கூலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் மிடில் ஸ்கூல்களின் ஏழாம், எட்டாம் வகுப்பு வாலிபால் அணிகளை அழையுங்கள். அணிச் சட்டை போட்டு வந்தால் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லுங்கள். செட்டுகளுக்கு நடுவில் களத்தில் நிறுத்திப் பள்ளிப் பெயர் சொல்லிக் கைதட்ட வையுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு வகுப்புக்கும் இரண்டு மூன்று அணி இருக்கும். ஒரு பிள்ளையோடு ஓட்டிவர ஒருவராவது வந்தே ஆக வேண்டும். இந்த ஒரு வேலைதான் நான் சொல்கிறவற்றில் நிச்சயமாகப் பலன் தருவது. நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள். அந்தப் பள்ளிகளுக்கு அன்று சொந்த ஆட்டம் இல்லையே என்று மட்டும் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் இரவுக்குப் பேண்டைக் கேளுங்கள். முழு பேண்டும் கேட்காதீர்கள், கிடைக்காது. டெக்சஸில் பள்ளி நேரத்துக்கு வெளியே மார்ச்சிங் பேண்ட் பயிற்சிக்கு வாரம் எட்டு மணி நேரம்தான் என்று, பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பின் விதி இருக்கிறது. பேண்ட் டைரக்டருக்கு ஒவ்வொரு மாலையும் கணக்குதான். இருபது பிள்ளைகள், ட்ரம்பெட்டும் டிரம்மும், முதல் இரண்டு செட்டுக்கு மட்டும் என்று கேட்டால் யோசிப்பார். ஜிம்முக்குள் இருபது பேர் வாசிப்பதே கூரையைத் தூக்கும். பேண்ட் பெற்றோருக்கும் அன்று ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மாணவர்களை இழுப்பது பெற்றோர் வேலை இல்லை. பெரியவர்கள் போஸ்டர் ஒட்டினால் அவர்கள் வர மாட்டார்கள். ஃபுட்பால் கேலரியில் முன்வரிசையில் நின்று கத்துகிற சீனியர்கள் நாலைந்து பேர் யார் என்று மகளுக்குத் தெரியும். அணிப் பெண்கள் அவர்களிடம் நேரில் போய்க் கேட்கட்டும், என்ன நிற உடை என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வாலிபால் பெண்களும் அந்தப் பையன்கள் ஆட்டத்துக்குப் போய் நின்றிருந்தால் கேட்பது எளிது.

ஜிம்மில் ஒரு வேலை உண்டு. இரு பக்கமும் இழுத்து விரிக்கும் படி இருக்கைகளில் ஒரு பக்கத்தை மட்டும் விரிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் பேர் இடத்தில் இருநூறு பேர் சிதறி உட்கார்ந்தால் வந்தவர்களுக்கே தப்பாக வந்துவிட்டோமோ என்று தோன்றும். அதே இருநூறு பேர் தோள் உரச உட்கார்ந்தால் அடுத்த முறையும் வருவார்கள்.

அறிவிப்பாளராக ஒரு நல்ல குரலைப் பிடியுங்கள். தடுப்பாட்டத்துக்கென்றே இருக்கும் லிபரோ ஏன் வேறு நிறச் சட்டையில் இருக்கிறார், சுழற்சி என்றால் என்ன என்பதை முதல் செட்டில் ஓரிரு வரியில் சொல்லட்டும். ஃபுட்பாலுக்குக் கடிகாரம் உண்டு, வாலிபாலுக்கு இல்லை. ஐந்து செட் போனால் இரண்டு மணி நேரம் தாண்டும், மூன்றில் முடிந்தால் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பலாம். ஆகவே அழைப்பில் வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆட்டம் தொடங்கும் நேரத்தைத் தெளிவாகப் போடுங்கள். ஃப்ரெஷ்மேன் (ஒன்பதாம் வகுப்பு அணி) ஆட்டத்திலிருந்தே வந்து உட்கார்ந்து சலித்துப்போகிறவர்கள் நிறைய.

“நம் பெண்களை ஆதரியுங்கள்” என்ற வாசகத்தை மட்டும் எங்கும் போடாதீர்கள். உங்கள் மகளின் அணி மூன்று வருடமாக ஜெயித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க ஜனங்களை அழையுங்கள், உதவி செய்ய அழைக்காதீர்கள். எதிரணி யார், போன முறை என்ன ஸ்கோர், எந்தப் பெண்ணின் ஸ்பைக்கை யாராலும் எடுக்க முடியவில்லை என்று எழுதுங்கள்.

டெக்சஸில் வாலிபால் சீசன் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும், அப்போது பேண்ட் டைரக்டருக்கும் கோச்சுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. மிடில் ஸ்கூல் கோச்சுகளிடமும் பேண்ட் டைரக்டரிடமும் மே மாதம் பள்ளி மூடுவதற்குள் பேசித் தேதியை நாட்காட்டியில் போட வையுங்கள்.