கேமரா இல்லாத சினிமா படிப்பு – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பள்ளி முடித்துவிட்டேன். பல துறைப் பாடங்களையும் சேர்த்துப் படிக்க வைக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் திரைப்படமும் ஊடகமும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் முதல் இரண்டு வருடம் கேமராவைத் தொடவே விடமாட்டார்கள் போலிருக்கிறது. சினிமா வரலாறு, கோட்பாடு, கட்டுரை, மறுபடியும் கட்டுரை. கூடவே உயிரியல், புள்ளியியல் என்று சம்பந்தமில்லாத பாடங்கள் வேறு. “டைரக்டர் ஆகணும்னா ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போ, இல்லைன்னா யார்கிட்டயாவது உதவி இயக்குநரா சேரு” என்கிறார்கள் நண்பர்கள். நான்கு வருடம் வீணாகிவிடுமா? சேர்வதற்கு முன்பே நல்ல கேமரா ஒன்று வாங்கிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. ஒளிப்பதிவாளராகவோ எடிட்டராகவோதான் ஆவேன் என்று இப்போதே முடிவு செய்திருந்தால் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போங்கள். அங்கே தொழிலைக் கையில் பழக்கிவிடுவார்கள். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் அந்த அளவு பழக்கம் வராது. வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் இயக்குநர் ஆக வேண்டும் என்கிறீர்கள். அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேமரா இல்லாமல் சினிமா படிப்பது புதிதல்ல. 1919-ல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கியபோது ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். கச்சா ஃபிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. அங்கே பாடம் நடத்திய லெவ் குலெஷோவ் சும்மா இருக்கவில்லை. அவருடைய பட்டறை மாணவர்கள் கதையை ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடித்துக் காட்டினார்கள். ‘ஃபிலிம் இல்லாத படங்கள்’ என்றே அதைச் சொன்னார்கள். ஏற்கெனவே எடுத்த படங்களை வெட்டி வேறு வரிசையில் ஒட்டியும் பார்த்தார்கள். ஒரே நடிகரின் ஒரே முகம்தான். அடுத்த ஷாட்டில் சூப் கிண்ணத்தைக் காட்டினால் பசியாகத் தெரிகிறது, சவப்பெட்டியைக் காட்டினால் துக்கமாகத் தெரிகிறது என்ற பிரபலமான சோதனை குலெஷோவுடையது. பின்னாளில் பெரிய இயக்குநரான புதோவ்கின் அந்தப் பட்டறையில் பயின்றவர்.

நீங்கள் அலுத்துக்கொள்ளும் கட்டுரைகளும் ஏறக்குறைய அந்த வேலைதான். நல்ல ஆசிரியர் கிடைத்தால் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு ஷாட்டையும் எழுதி வரச் சொல்வார். ஒருவர் கதவைத் திறந்து வந்து நாற்காலியில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகப் பார்த்தால் ஒரே அசைவு. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான், அவர் பாதி உட்கார்ந்த நிலையில் கட் விழுந்து அடுத்த ஷாட் தொடங்கியிருப்பது தெரியும். நம் கண் அவருடைய அசைவின் பின்னாலேயே போவதால் கட் நமக்குத் தெரிவதில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் படத்துக்கு அரை நொடி முன்பே தொடங்கியிருக்கலாம். அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்க வேண்டும். இதே காட்சியை நீங்கள் எடுத்துப் பாருங்கள்: முதல் ஷாட்டில் வலது கையில் இருந்த பை அடுத்த ஷாட்டில் இடது கைக்குப் போயிருக்கும், ஆள் இரண்டு முறை உட்காருவார்.

“இந்தக் காட்சி மனதைத் தொடுகிறது” என்று எழுதினால் அந்த ஆசிரியர் வட்டம் போட்டு “எந்த ஷாட்டில்?” என்று கேட்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் நாளைக்கு எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து “ஏதோ ஒட்டலையே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் இயக்குநருக்கு இல்லாத பயிற்சி இதுதான். கல்லூரியில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கோட்பாட்டுக் கட்டுரைகளில் பல, எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்று சந்தேகம் வரும்படி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள். பிரிட்டிஷ் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வியின் 1975-ல் வெளிவந்த கட்டுரை எப்படியும் உங்கள் பாடத்தில் வரும். அதிலுள்ள உளப்பகுப்பாய்வு எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் கேமரா யாருடைய கண்ணாக இருந்து பெண்ணைப் பார்க்கிறது என்று அவர் கேட்டது, அதன்பின் பார்க்கிற எந்தப் படத்திலும் கூடவே வரும்.

உயிரியலும் புள்ளியியலும் சம்பந்தமில்லாதவை என்கிறீர்கள். படம் எதைப் பற்றி எடுப்பீர்கள்? சினிமா மட்டுமே தெரிந்தவர்கள் சினிமாவைப் பற்றியே படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. தவிர, இந்த மாதிரிக் கல்லூரிகள் பலவற்றில் முதன்மைப் பாடத்தை இரண்டாம் வருட முடிவில் உறுதி செய்தால் போதும். மனம் மாறினாலும் மோசமில்லை.

ஆனால் சேர்வதற்கு முன் கல்லூரியிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். படமெடுக்கும் வகுப்பு எந்த செமஸ்டரில், அதில் எத்தனை பேர்? கருவிகளை வார இறுதியில் வெளியே எடுத்துப் போகலாமா? கடைசி வருட ஆய்வேட்டுக்குப் பதில் குறும்படம் தரலாமா? திரையிடல் அரங்கில் நடக்கிறதா, இல்லை லிங்க் அனுப்பிவிட்டு வீட்டில் பார்க்கச் சொல்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேமரா இப்போது வேண்டாம். இரண்டு வருடத்தில் அது பழையதாகிவிடும், போன் போதும். பணத்தைச் செலவழித்தே தீரவேண்டும் என்றால் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்பவர்கள், வசனம் கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும், யாரையும் பேசவிடாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைக்க முடியும்.