ஆட்குறைப்புக்குப் பின்: வடசென்னை வாசகர் கேள்விகள்

கே: 90 பேரில் 22 பேரை அனுப்பினோம். மீதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊக்கப் பயிற்சி வைக்கலாமா? (மணலி)

போனவர்களுக்குக் கணக்கு முடித்தாயிற்றா? அதை எழுதாமல் பயிற்சியைப் பற்றிக் கேட்கிறீர்கள். வேலை பார்த்த ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற இழப்பீடும், முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால் அதற்கு ஈடான நோட்டீஸ் சம்பளமும் அனுப்பும்போதே கையில் சேர வேண்டும். ஐந்து ஆண்டு முடித்தவரின் கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 30 நாள்தான் கெடு. போனவரும் இருப்பவரும் ஒரே டீக்கடையில்தான் நிற்கிறார்கள். முதலில் பாக்கியைக் கொடுங்கள். பயிற்சிக்கு வைத்த பணம் அதற்கே ஆகட்டும்.

கே: 12 பேர் பார்த்த ஷிப்டை இப்போது 8 பேர் பார்க்கிறோம். யாருக்கும் ஈடுபாடு இல்லை என்று மேலிடம் குறை சொல்கிறது. (எண்ணூர், ஷிப்ட் இன்ஜினியர்)

ஆளைக் குறைத்தவர்கள் வேலையைக் குறைக்கவில்லை. நாலு பேர் போனால் தினம் 32 மணி நேர வேலை அந்தரத்தில் நிற்கும். அதை எட்டுப் பேர் தலையில் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு ஈடுபாட்டைத் தேடுவது அநியாயம்.

ஒரு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். போன நாலு பேரும் செய்த ஒவ்வொரு வேலையையும், அதற்கான நிமிடங்களையும் எழுதுங்கள். யார் பொறுப்பு என்று எங்கும் எழுதியிராத வேலைகள்தான் முக்கியம்: கிரீஸ் வைப்பது, பம்ப் சீல் கசிவைப் பார்ப்பது, ஸ்டோரில் பாகம் தேடி எடுப்பது. ஆள் குறைந்ததும் முதலில் விட்டுப்போவது இவைதான். சில மாதத்தில் பேரிங் போகும், பழி ஷிப்ட் ஆள் மேல் விழும்.

பிறகு அந்த நோட்டில் தேவையில்லாத வேலைகளை அடித்துவிடுங்கள். யாரும் படிக்காத ரிப்போர்ட், இரண்டு ரிஜிஸ்டரில் எழுதும் ஒரே ரீடிங், இப்படிப் பத்து மணி நேரமாவது கழியும். கேஸ் டெஸ்ட் (ஆபத்தான வாயு இருக்கிறதா என்று பார்ப்பது), வொர்க் பெர்மிட் (ஆபத்தான வேலைக்கு முன் எழுத்தில் வாங்கும் அனுமதி), மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுவது ஆகியவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். மீதி 22 மணி நேரத்தை மேலிடத்தின் மேஜையில் வையுங்கள்: ஆள் வேண்டும், அல்லது உற்பத்தி இலக்கு இறங்க வேண்டும். ஓவர்டைம் இரட்டைச் சம்பளத்தோடு ஓரிரு வாரத்துக்குச் சரி, மாதக்கணக்கில் ஓட்டினால் ஆள் படுத்துவிடுவார்.

இன்னொன்று. அடுத்தது தன் பெயரோ என்று பயப்படுகிறவர் கசிவு வாடை வந்தாலும் வாய் திறக்கமாட்டார். குறையைச் சொன்னதற்காக யாரையும் வேலையிலிருந்து எடுக்கமாட்டோம் என்று எழுதி ஒட்டுங்கள்.

கே: இனி ஆட்குறைப்பே இல்லை என்று அறிவிக்கலாமா? (தண்டையார்பேட்டை)

உறுதியாகத் தெரியாவிட்டால் கூடாது. "மார்ச் 31 வரை இல்லை, ஏப்ரல் முதல் வாரம் ஆர்டர் நிலவரம் சொல்வோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். அந்த வாரம் கெட்ட செய்தியானாலும் சொல்லியாக வேண்டும்.

கே: சூப்பர்வைசர்களே வதந்தி பரப்புகிறார்கள். (திருவொற்றியூர்)

அவர்களுக்கு ஒரு நாள் முன்பே விவரம் சொல்லுங்கள்.

கே: செலவைக் குறைக்க இரண்டாம் ஷிப்ட் வேனையும் பூஜைப் பொரியையும் நிறுத்தினோம். எதைத் திரும்பக் கொடுப்பது? (மாதவரம், கிடங்கு)

வேனை, நாளைக்கே. இரவு பத்து மணிக்குப் பெண்கள் எப்படி வீடு போவார்கள் என்று யோசித்தீர்களா? பொரிப் பொட்டலத்தில் மிச்சமாவது என்ன? அதையும் கொடுங்கள்.

கே: ஆர்டர் வருகிறது. கான்ட்ராக்டில் ஆள் எடுக்கலாமா? (ராயபுரம்)

நீக்கியவர்களைக் கூப்பிட்டீர்களா? மறுவேலையில் அவர்களுக்கே முன்னுரிமை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கடிதம் அனுப்புங்கள், போனும் செய்யுங்கள், வர மறுத்தால் எழுதி வாங்குங்கள். பழைய பாக்கி நின்றால் ஒருவரும் வரமாட்டார். முதலில் பாக்கியைக் கொடுங்கள்.