பேன் ஓடுகிறது, செல்ப் எடுக்கவில்லை: லாரியில் இரண்டாவது பேட்டரியும் சோலாரும்

கேள்வி: "அண்ணா, சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். இருபது வருசமாகப் பெங்களூரு பீன்யாவில் இருக்கிறேன். சொந்த வண்டி, 10 சக்கர டாரஸ், பிஎஸ்6. இங்கிருந்து மெஷின் சாமான் ஏற்றி பிவண்டி போவேன், திரும்பும்போது நாசிக் வெங்காயம் ஏற்றிக்கொண்டு யஷ்வந்த்பூர் மண்டிக்கு வருவேன். மண்டியில் சில சமயம் இரண்டு நாள் கிடக்க வேண்டியிருக்கும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இன்சுலினுக்காகச் சின்ன பிரிட்ஜ் ஒன்று வாங்கி கேபினில் வைத்தேன். 12 வோல்ட் என்பதால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுத்திருக்கிறது. அது போக ஒரு பேன், இரண்டு போன், ஒரு எல்இடி லைட். முதல் நாள் ராத்திரி பிரச்சினை இல்லை, இரண்டாம் நாள் ராத்திரி கழிந்து காலையில் செல்ப் எடுப்பதில்லை. இன்னொரு பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறைகிறது, அதை மாற்றிவிடு என்கிறார்கள். மேலே சோலார் போட்டால் சரியாகுமா, இல்லை தனி பேட்டரியே வைக்க வேண்டுமா?"

சோலாரை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தத் தண்ணீர் குறைகிற பேட்டரியை மாற்றாதீர்கள். அதன்மேல் குற்றம் இல்லை.

உங்கள் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. ஒன்றிலிருந்து மட்டும் பிரிட்ஜுக்கும் போனுக்கும் ஒயர் இழுத்தால், அது மட்டும் இறங்கும், மற்றது நிறைந்தே இருக்கும். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் கொடுக்கும். காலிப் பேட்டரி அதில் 13.3 எடுத்துக்கொண்டால், ஏற்கெனவே நிறைந்திருப்பதன் தலையில் 14.7 விழும். அது கொதிக்கும், ஆசிட் வாடை வரும், தண்ணீர் குறையும். அரைப்பட்டினியில் கிடக்கிற பேட்டரியோ தண்ணீர் குறையாமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஆகவே பார்க்கிறவர்கள் எல்லோரும் கொதிக்கிறதைத்தான் குற்றவாளி என்பார்கள்.

ஜே.சி. ரோடு பக்கம் இதே வேலையில் இருக்கிறவன் நான். இந்தக் கேஸில் மாதம் இரண்டு வண்டியாவது வரும். போன வாரம் வந்த வண்டியில் மீட்டர் வைத்தேன், எஞ்சின் நின்று மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்று 12.1, மற்றது 12.8. மேலே இரண்டும் ஒரே மாதிரி தூசி, ஒரே தேதி ஸ்டிக்கர். டிரைவர் 12.8 காட்டியதைக் கழற்றித் தரச்சொல்லி நிற்கிறார்! நீங்களும் இன்று சாயங்காலமே ஒரு மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.7க்குப் பக்கத்தில் இருந்தால் நிறைவு, 12.2க்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் காலி.

அந்த ஒற்றை ஒயரை இன்றே கழற்றுங்கள். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் ராத்திரி முழுக்க போட்டு, மறுநாள் லோடு டெஸ்ட் பாருங்கள். ஒன்றுதான் செத்திருக்கிறது என்றாலும், மாற்றினால் ஜோடியாக மாற்றுவதே நல்லது. பழசும் புதுசும் சீரிஸில் சேர்ந்தால் மறுபடி இதே இழுபறிதான். பிரிட்ஜின் பின்பக்க லேபிளைப் பாருங்கள், கம்ப்ரசர் வைத்த பல பிரிட்ஜ்கள் 12, 24 இரண்டிலும் ஓடும். அப்படிப் போட்டிருந்தால் நேராக 24லேயே கொடுக்கலாம். வெறும் 12 என்றால், 24ஐ 12 ஆக்குகிற கன்வர்ட்டர் ஒன்று, 15 ஆம்பியருக்குக் குறையாமல், எஸ்.பி. ரோட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது மட்டும் செய்தால் பேட்டரி ஆயுசு கூடும். ஆனால் இரண்டாம் நாள் காலைப் பிரச்சினை தீராது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பேன் 20 வாட், எட்டு மணி நேரம்: 160. போன்களும் லைட்டும் சேர்ந்து 60 என்று வையுங்கள். பிரிட்ஜ் ஓடும்போது 45, 50 வாட் இழுக்கும், விட்டுவிட்டு ஓடும். ஆனால் கேபின் வெயிலில் நிற்கிறதால் சராசரியாக 20 வாட் என்று 24 மணி நேரத்துக்குப் போட்டால் 480. ஆக ஒரு நாளைக்கு 700 வாட் அவர். உங்கள் மெயின் பேட்டரி 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) ஜோடி என்றால் மொத்தம் 2400, அதில் பாதிக்கு மேல் தொட்டால் செல்ப் மோட்டாருக்குப் பலம் இருக்காது. அதாவது கையில் 1200. முதல் நாள் 700 போச்சு. இரண்டாம் நாள் ராத்திரி முடியும்போது 1400 ஆகிவிடுகிறது. உங்கள் வண்டி ஒழுங்காகக் கணக்குப் பார்த்துத்தான் படுத்திருக்கிறது.

இன்னொரு விஷயம், செல்ப் அடிப்பதற்கென்று செய்த பேட்டரிக்குள் தகடுகள் மெல்லிசாக, நிறைய இருக்கும். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதுதான் அதன் வேலை. ராத்திரி முழுக்க கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் தகடு சீக்கிரம் கெடும். ஆகவே தனி பேட்டரி வேண்டும் என்பதே என் பதில். கேபின் சாமான் எல்லாம் அதில், செல்ப்பும் வண்டி எலெக்ட்ரிக்கலும் பழைய ஜோடியில். இரண்டும் ஒன்றையொன்று காலி செய்யக் கூடாது.

அந்தத் தனி பேட்டரிக்கு வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், குழியில் இறங்கினால் ஆசிட் சிந்தும். நீங்கள் தூங்குகிற கேபினுக்குள் அது இருக்கவே கூடாது. லெட் ஆசிட்தான் வசதி என்றால் சேசிஸில் பெட்டி அடித்து வெளியே வையுங்கள், 100 ஏஎச் இரண்டு தேவைப்படும், எடை 60 கிலோவைத் தொடும். என் யோசனை லித்தியம் இரும்பு பாஸ்பேட், 25.6 வோல்ட், 50 ஏஎச். 1280 வாட் அவரில் ஆயிரத்தைத் தயங்காமல் எடுக்கலாம், எடை 10 கிலோ சொச்சம். படுக்கைக்குக் கீழே காற்று போகிற மாதிரி, பட்டி போட்டு இறுக்கி வைக்கலாம். எஞ்சின் சூடு, சைலென்சர் சூடு பக்கத்தில் வேண்டாம். வாங்கும்போது தராசில் வைத்துப் பாருங்கள். 50 ஏஎச் என்று ஸ்டிக்கர் ஒட்டி 5 கிலோ இருந்தால், உள்ளே பாதி செல் கூட இல்லை என்று அர்த்தம்.

லித்தியத்தை மெயின் பேட்டரியோடு நேராகச் சேர்க்கக் கூடாது, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தும் சேர்க்கக் கூடாது. அது தாகமெடுத்தவன் போல இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிச் சுருள் கருகும். நடுவில் 24க்கு 24 டிசி சார்ஜர் வேண்டும், 15 அல்லது 20 ஆம்பியர். சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி அதற்கு ஒரு சிக்னல் ஒயர் உண்டு, அதைப் பியூஸ் பாக்ஸில் சாவிக்குப் பின் உயிர் வருகிற இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பிஎஸ்6 வண்டியில் ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரின் ஒயர்க் கொத்தைக் கீறி டேப் அடிக்கிற ஆளிடம் வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் கீறலுக்காக வண்டி நடுரோட்டில் எச்சரிக்கை விளக்கோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி வேலை எதுவானாலும், சாவியை அணைத்ததும் உடனே மெயின் சுவிட்சைக் கழற்றாதீர்கள். புகையைச் சுத்தம் செய்கிற யூரியாவின் பம்ப், குழாயில் மிச்சமிருப்பதை உறிஞ்சி முடிக்கச் சில நிமிடம் எடுக்கும்.

சரி, இப்போது சோலார். மேலே சோலார் தகடு போட்டால் ராத்திரி முழுக்க ஓசி கரண்ட் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓடுகிற லாரியில் ஆல்டர்னேட்டரை மிஞ்சின சோலார் கிடையாது. அந்த 20 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் 500 வாட் அவர் ஏற்றும். 100 வாட் தகடு ஒன்று நல்ல வெயில் நாள் முழுக்க நின்றால், தூசி, சூடு, படுத்த நிலை எல்லாம் போக 300, 350 தரும். தினமும் ஓடி தினமும் வீட்டுக்கு வருகிற வண்டிக்குச் சோலார் வீண் செலவு.

உங்கள் வண்டி அப்படி இல்லை. மண்டியில் இரண்டு நாள் எஞ்சின் அணைத்துக் கிடக்கிறீர்கள், பகலில் கனரக வண்டியை நகருக்குள் விடாத நேரத்தில் நெலமங்கலா பக்கம் வெட்டவெளியில் நிற்கிறீர்கள். அப்போது தலைக்கு மேல் வெயில் சும்மா போகிறது. 100 வாட் தகடு இரண்டு போட்டால் ஒரு நாளைக்கு 600க்கு மேல், கிட்டத்தட்ட உங்கள் செலவு முழுக்க வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடினால் பாதிதான். 300 என்றே வையுங்கள், இரண்டு நாளில் 600, பேட்டரியில் இருக்கிற ஆயிரமும் சேர்ந்தால் 1600. உங்களுக்குத் தேவை 1400. அதனால்தான் 50 ஏஎச் என்றும் இரண்டு தகடு என்றும் சொன்னேன்.

12 வோல்ட் தகடு என்று விற்கிறது உண்மையில் 18 வோல்ட்டில் வேலை செய்யும். 24 வோல்ட் பேட்டரிக்கு ஒற்றைத் தகடு ஏறாது. இரண்டையும் சீரிஸில் சேர்த்தால் 36 வரும், அதைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிற எம்பிபிடி கண்ட்ரோலருக்குக் கொடுங்கள். 10 ஆம்பியர் போதும், 15 இருந்தால் இன்னும் நல்லது. 200 வாட்டுக்கு எட்டு ஆம்பியர் கூட வராது. லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது முதலில் பேட்டரி ஒயர், அப்புறம் தகட்டு ஒயர். கழற்றும்போது தகடு முதலில்.

தகட்டை எங்கே வைப்பது என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கேபின் மேல் கேரியரில் தார்பாயும் கயிறும் கிடக்கும், தகடு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். சீரிஸில் சேர்ந்த தகட்டில் ஒரு மூலையில் கயிற்று நிழல் விழுந்தாலே உற்பத்தி சரியும். ஆயுத பூஜைக்குக் கட்டின வாழைக்கன்று வாடி மேலேயே சாய்ந்து கிடக்க, கண்ட்ரோலர் கெட்டுப்போச்சு என்று வந்த வண்டி ஒன்று உண்டு. தார்பாய்க்கு வேறு இடம் பாருங்கள். கேபின் கூரையோடு ஒட்டி வைக்காமல் கீழே மூன்று விரல் காற்று விடுங்கள், தகடு சூடானால் கரண்ட் குறையும். 65 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 15 சதவீதம் போய்விடும். வளைகிற தகட்டைக் கோந்து போட்டு ஒட்டுவது பார்க்க அழகு, சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். அலுமினிய பிரேம் தகட்டைப் போல்ட்டும் லாக் நட்டுமாகப் பிடியுங்கள், 70 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் பின்னால் வருகிறவன் தலைக்கு ஆபத்து. டீ குடிக்க நிறுத்தும்போது ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மெயின் பேட்டரியிலிருந்து கேபின் சார்ஜருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு போடுங்கள், மெயின், லித்தியம் இரண்டு பக்கமும் பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள் பியூஸ். சார்ஜருக்கு இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் எந்தப் பக்க ஒயர் உரசி சேசிஸில் பட்டாலும் அந்தப் பக்கப் பேட்டரியிலிருந்து நெருப்புக்குக் கரண்ட் வரும், ஒரு பியூஸ் ஒரு பக்கத்தைத்தான் காக்கும். தகரத்தில் ஓட்டை வழியாகப் போகிற இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (வளையம்).

ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கழற்றி வைக்கிற மாதிரி போல்ட்டில் நிற்கிற தகடு வேறு, கூரையை வெட்டுவது வேறு. கூரையைத் தொடாதீர்கள். வாரண்டி பாக்கி இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து ஏசி வண்டி வாங்கப் போகிறேன், இதெல்லாம் எதற்கு என்று கேட்கக்கூடும். இப்போது புதிதாகத் தயாராகிற கனரக லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம்தான், ஆனால் அந்த ஏசி எஞ்சின் ஓடினால்தான் ஓடும். மண்டியில் பேன்தான்.

கடைசியாக உங்கள் பிரிட்ஜ். அதில் பேட்டரி பாதுகாப்பு என்று ஒரு செட்டிங் பெரும்பாலும் இருக்கும், மூன்று நிலை. மெயின் பேட்டரியில் ஓட்டும்வரை மேல்நிலையில் வையுங்கள், தனி பேட்டரிக்கு மாற்றினதும் கீழ்நிலைக்கு இறக்குங்கள். பேனையும் போன் சார்ஜரையும் கண்ட்ரோலரின் லோடு முனையில் கொடுத்து, பேட்டரி இறங்கும்போது அது முன்னதாகவே கரண்டை வெட்டுகிற மாதிரி செட் செய்யச் சொல்லுங்கள். பிரிட்ஜ் மட்டும் தனி பியூஸ் வழியாகப் பேட்டரியில், வெறும் 12 வோல்ட் பிரிட்ஜ் என்றால் நடுவில் அந்தக் கன்வர்ட்டரும். பேன் நின்றால் வியர்க்கும், அவ்வளவுதான், பிரிட்ஜ் நிற்கக் கூடாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. லாரி பிரிட்ஜ்கள் மைனஸுக்கே போகும், குழியில் ஆடும்போது கை பட்டு பட்டன் மாறிவிடும். ஐந்தில் வைத்து பட்டனைப் பூட்டுங்கள், மருந்தை உள்சுவரில் ஒட்டாமல் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைப் பிறகு இளகினாலும் போட்டுக்கொள்ளாதீர்கள்.