சனிக்கிழமை காலை செய்தி வந்தால்: கொரியாவிலிருந்து கேள்வி-பதில்

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வந்து, சியோலுக்குத் தெற்கே இருக்கும் சுவோன் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வார நாட்களில் ஆபீஸ், லீவு நாளில் அறை, அவ்வளவுதான். போன சனிக்கிழமை காலையில் கூட வேலை பார்க்கும் கொரிய நண்பர், ‘இன்னைக்கு ஃப்ரீயா? நாலு பேர் சுன்சோன் போறோம், வர்றீங்களா?’ என்று கக்காவோ டாக் செயலியில் கேட்டார். சுன்சோன் சியோலுக்கு வடகிழக்கே இருக்கும் ஏரிக்கரை நகரம். எப்போது திரும்புவோம், எவ்வளவு ஆகும் என்று எதுவும் தெரியாததால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இப்படித் திடீரென்று கூப்பிட்டால் போகலாமா?

பதில்: போங்கள். அடுத்த முறை ‘வர்றேன்’ என்று முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் மற்றதையெல்லாம் கேளுங்கள். அடுத்த முறை வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், திங்கட்கிழமை நீங்களே அவரிடம் போய் ‘சுன்சோன் எப்படி இருந்தது, அடுத்த தடவை என்னையும் சேர்த்துக்கோங்க’ என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் ஒரு தடவை மறுத்தால், சரி, அவருக்கு விருப்பமில்லை, தொந்தரவு செய்யக்கூடாது என்று மரியாதையாக ஒதுங்கிவிடுகிறவர்களை இங்கே நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே வார நாள் முழுக்க சீனியர், ஜூனியர், வயது, பதவி என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. ஆபீஸ் விருந்துக்குப் போனாலும் யார் எங்கே உட்காருவது, யாருக்கு யார் ஊற்றுவது என்று அதே முறைதான் தொடரும். அந்த மேஜையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவரின் சொந்த ஊர் எது, அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் தெரிய வராது. ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் கதவோரம் நின்று பேசிக்கொண்டே போகிற நாளில் அதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும். எனக்கு இங்கே நெருக்கமானவர்கள் என்று இருக்கிற எல்லோருமே இப்படித் திட்டமில்லாத நாட்களில் கிடைத்தவர்கள்தான்.

சுன்சோன் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். சுவோனிலிருந்து 1ஆம் எண் மெட்ரோ லைனில் சியோலின் சோங்யாங்னி ஸ்டேஷன் வரை வந்தால், அங்கிருந்து ஐடிஎக்ஸ் சோங்சுன் என்ற ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சுன்சோனில் விட்டுவிடும். 2012இல் ஓட ஆரம்பித்த இந்த ரயிலின் நடுவில் இரண்டு அடுக்குப் பெட்டிகள் உண்டு, மேல் அடுக்கில் ஜன்னலோரம் கிடைத்தால் ஆறும் மலையும் நன்றாகத் தெரியும். ஆனால் அக்டோபர் கடைசியில், இலை சிவக்கும் நேரத்தில், சனிக்கிழமை காலையில் நினைத்துக்கொண்டு போனால் சீட் கிடைப்பது கஷ்டம். நின்றுகொண்டு போகிற டிக்கெட் கிடைத்தால் வாங்கலாம், அதுவும் இல்லையென்றால் சாங்போங் ஸ்டேஷனிலிருந்து கியோங்சுன் லைன் சாதாரண மெட்ரோ ரயில் இருக்கவே இருக்கிறது. டி-மணி என்ற பயணக் கார்டைத் தட்டிவிட்டு ஏறலாம், கூடுதலாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், செலவு குறைவு.

நாங்கள் ஒரு முறை நாமி தீவுக்கு என்று கிளம்பினோம், இரண்டு கொரியர், ஒரு நேபாளி, நான். கப்யோங் ஸ்டேஷன் வரும்போது ஒருவருக்குப் பசி, இன்னொருவர் தீவில் இன்றைக்குக் கூட்டமாக இருக்கும் என்றார், அவ்வளவுதான், யாரும் இறங்காமல் அதே ரயிலில் சுன்சோன் வரை போய்விட்டோம். மதியம் டக்கல்பி. பெரிய வட்டமான இரும்புத் தட்டு மேஜையின் நடுவிலேயே இருக்கும். காரச் சாந்தில் ஊறிய கோழி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அரிசி மாவில் செய்த நீளநீளமான கேக், மேலே பெரில்லா இலை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கடைக்கார அம்மா கையில் இரண்டு கரண்டியோடு வந்து வந்து கிளறிவிட்டுப் போவார், அவர் சொல்லும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. துணியில் மசாலா தெறிக்காமல் இருக்க ஏப்ரன் கொடுப்பார்கள். கோழி தீர்ந்ததும் அதே தட்டில் சோறும் பொடித்த கடல்பாசியும் போட்டு வறுத்து, கரண்டியால் அழுத்தி அடி பிடிக்க விட்டுவிடுவார்கள். அந்தக் காந்தலை நான்கு பேரும் ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டித் தின்றோம். யார் சீனியர், யார் வெளிநாட்டுக்காரர் என்ற நினைப்பே அப்போது யாருக்கும் இல்லை.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. டக்கல்பியோ மேஜையில் சுட்டுச் சாப்பிடும் இறைச்சியோ, பெரும்பாலான கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் ஆர்டர் எடுப்பார்கள், தனியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடும் கடைகளும் உண்டு. அறையிலேயே இருந்தால் இந்த ஊரின் பாதிச் சாப்பாடு உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தால் சோயாங்காங் ஸ்கைவாக் என்று தண்ணீருக்கு மேலே கண்ணாடித் தரை போட்ட நடைபாதை இருக்கிறது, ஷூவுக்கு மேலே துணி உறை மாட்டிக்கொண்டு போக வேண்டும். நேரம் இருந்தால் கிம் யூ-ஜோங் என்ற எழுத்தாளரின் பெயர் வைத்த ஸ்டேஷனில் இறங்கி, 2010இல் ரயில் நின்றுபோன பழைய தண்டவாளத்தில் பெடல் மிதித்துப் போகும் ரயில் பைக்கையும் பாருங்கள். விடுமுறை நாளில் முன்பதிவு இல்லாமல் அது கிடைப்பது கடினம். கிடைக்காவிட்டால் போகட்டும்.

கேள்வி: என் மகள் சியோலில் படிக்கிறாள். திடீர் திடீரென்று ‘ஃப்ரெண்ட்ஸோட வெளியே இருக்கேன்’ என்று ராத்திரி 11 மணிக்குச் செய்தி அனுப்புகிறாள். எனக்குத் தூக்கமே வருவதில்லை. நீங்கள் அங்கே இருப்பவர், உண்மையைச் சொல்லுங்கள். (திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது, ஆனாலும் சியோலின் இரவு 11 மணியை நம் ஊர் 11 மணியோடு ஒப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் மெட்ரோவில் டியூஷன் முடிந்து வரும் பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள், காபிக் கடைகள் திறந்திருக்கும், பெண்கள் தனியாக நடந்து வீட்டுக்குப் போவது சாதாரணம். மெட்ரோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், அதிகாலையில்தான் மறுபடி வரும். இடைப்பட்ட நேரத்துக்கு ‘N’ என்ற ஆங்கில எழுத்தில் எண் தொடங்கும் இரவுப் பஸ்கள் 2013 முதல் ஓடுகின்றன. டாக்ஸியும் கிடைக்கும், ஆனால் இரவு 10 மணிக்கு மேல் கட்டணம் கூடும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கிளம்பும்போதே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் அவளிடம் பேசுங்கள். ஒன்று குடி. இங்கே ஒரு கடையில் சாப்பிட்டு, இன்னொரு கடையில் குடித்து, மூன்றாவதாகப் பாட்டுப் பாடும் அறை என்று இரவு சுற்றுச் சுற்றாகப் போகும். முதல் சுற்று முடிந்ததும் ‘நான் கிளம்பறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, குடிக்காமல் கிளாஸில் சோடா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இன்னொன்று கூட்டம். 2022 அக்டோபர் 29 இரவு சியோலின் இதேவோன் பகுதியில் ஒரு குறுகலான சந்தில் கூட்டம் நெருக்கி 159 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலானோர் இவள் வயதுப் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். திருவிழா இரவோ வாணவேடிக்கையோ, முன்னே பின்னே நகர முடியாத அளவுக்குக் கூட்டம் சேர்வதைப் பார்த்தால் உடனே பக்கவாட்டில் விலகி வெளியே வந்துவிட வேண்டும், நண்பர்கள் என்ன சொன்னாலும் சரி. போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 119, ஆங்கிலத்தில் வழி கேட்க 1330. இந்த மூன்றையும் போனில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் வெளியே போகாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தூர தேசத்தில் தனியாக அறையில் கிடக்கும் பிள்ளையை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

கேள்வி: நான் சைவம். நண்பர்கள் கூப்பிடும்போது சாப்பாட்டை நினைத்தே தவிர்க்கிறேன். என்ன செய்வது?

பதில்: கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். குழம்பு, சூப் பலவற்றிலும் நெத்திலி போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் இருக்கும், கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்த்திருப்பார்கள், ராம்யன் எனும் உடனடி நூடுல்ஸின் பொடியில் மாட்டிறைச்சி இருப்பது சகஜம். பிபிம்பாப், அதாவது காய்கறி கலந்த சோறு விற்கும் கடை என்றால் ‘கோகி பே ஜுசேயோ’ என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். கடல்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தரும் கிம்பாப் கடையில் ஹாமும் மீன் கேக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கண் முன்னாலேயே சுருட்டிக் கொடுப்பார்கள். கிளம்பும் முன்பே குழுவில் ‘நான் இறைச்சி, மீன் சாப்பிட மாட்டேன், எனக்காக யாரும் சிரமப்பட வேண்டாம்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கடைசி நிமிடத்தில் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்னால்தான் கூட்டி வந்தவருக்குச் சங்கடம். பையில் வேர்க்கடலையோ முறுக்கோ இருக்கட்டும், ரயிலில் எல்லோருக்கும் நீட்டலாம். சாயங்காலம் சியோல் திரும்பியதும் இதேவோனிலோ தோங்தேமுனிலோ இருக்கும் இந்திய, நேபாளக் கடைக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: என்ட கணவர் அன்சானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஞாயிறு மட்டும்தான் லீவு. காசு செலவாகும் என்று எங்கேயும் வெளிக்கிடுவதில்லை, நாள் முழுக்க நித்திரைதான் என்கிறார். குறைஞ்ச செலவில் போக இடம் இருக்கா? (வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: சகோதரி, ஆறு நாள் உடல் உழைப்புக்குப் பிறகு அவர் தூங்குவதில் குறை சொல்ல முடியாது, காலையில் நன்றாகத் தூங்கட்டும். மதியம் எழுந்து கூட வேலை செய்யும் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு அன்சான் ஸ்டேஷனில் சுயின்-புந்தாங் லைன் ரயில் ஏறினால், எங்கேயும் மாறாமல் நேரே இஞ்சோன் ஸ்டேஷனில் இறங்கலாம். ஒரு வழிக்கு 2,000 வொன்னை ஒட்டித்தான் ஆகும். ஸ்டேஷன் வாசலுக்கு எதிரிலேயே சைனா டவுனின் நுழைவாயில் வளைவு. மேலே ஏறினால் ஜாயு பூங்கா, அங்கிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும், கட்டணம் இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் வோல்மிதோ கடற்கரை நடைபாதை, அதற்கும் கட்டணம் இல்லை, ஞாயிறு மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து கடற்பறவைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பார்கள். சைனா டவுனின் கறுப்பு நூடுல்ஸில் பன்றி இறைச்சி இருக்கும், சாப்பிடாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடலே போதும் என்றால் அதே லைனில் பாதி வழியில் சோரே துறைமுகம், அங்கே மீன் சந்தை.

கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டத்தில் 2004 முதல் இலங்கையர்கள் இங்கே வருகிறார்கள், அன்சான் வொங்கோக்-தோங் பகுதியில் பல நாட்டு மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைய. மாதத்தில் ஒரு ஞாயிறாவது அவர் ஒரு மணி நேரம் வெயிலில் நடக்கட்டும். நீங்கள் வீடியோ கால் எடுக்கும்போது ‘கடலைக் காட்டுங்கோ’ என்று கேளுங்கள், கேட்டால் வெளிக்கிடுவார்.

கேள்வி: செலவை யார் கொடுப்பது? பங்கு கேட்பதா, விடுவதா?

பதில்: வயதில் மூத்தவர் அல்லது கூப்பிட்டவர் முதல் சாப்பாட்டுக்குக் கொடுப்பது வழக்கம். அப்படியென்றால் அடுத்து காபிக்கு நீங்கள் கார்டை நீட்டிவிட வேண்டும், முந்திக்கொள்ளுங்கள். ஒரே வயதுக் கூட்டம் என்றால் ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரவு கக்காவோவில் ஆளுக்கு எவ்வளவு என்று அனுப்புவார், உங்கள் பங்கை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: என்னை யாரும் கூப்பிடுவதே இல்லை. நானே கூப்பிடலாமா, கொரிய மொழி சரியாக வராது. (சியோலிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர்)

பதில்: தாராளமாக. பெரிய திட்டம் போடாதீர்கள், அப்புறம் அது நடக்கவே நடக்காது. லேப் குழுவில் ‘இன்னைக்கு 4 மணி, யோயினாரு ஸ்டேஷன் 2ஆம் வாசல், ஹான் ஆற்றங்கரை, வர்றவங்க வரலாம்’ என்று போடுங்கள், மொழிபெயர்க்க பாபாகோ ஆப் இருக்கிறது, வழி பார்க்க நேவர் மேப். வாசலுக்கு வெளியே பாயும் மடக்கு மேஜையும் வாடகைக்குக் கிடைக்கும், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பகலில் சிறிய கூடாரமும் போடலாம், அதன் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும் என்பது விதி. 1,000 வொன்னுக்கு ஒரு மணி நேரம் நகராட்சியின் பச்சைச் சைக்கிள் எடுத்து ஓட்டலாம். பசித்தால் ஆற்றங்கரைக் கடையில் ராம்யன் பாக்கெட் எடுத்துக் காசு கொடுத்து, தகரத்தாளில் செய்த கிண்ணத்தில் போட்டு மெஷின் மேலே வைத்து பட்டனை அழுத்துங்கள், தண்ணீரை அதுவே ஊற்றிச் சில நிமிடத்தில் கொதிக்க வைத்துத் தரும். முட்டை வேண்டுமானால் தனியாக வாங்கி உடைத்து ஊற்றிக்கொள்ளலாம்.

முதல் தடவை இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால் அதுவே தாராளம், மறு வாரமும் அதே நேரத்துக்குப் போடுங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழைக்காலம், அப்போது மட்டும் ஆற்றங்கரையை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.