மறதி வலிப்பாலா, மாத்திரையாலா?

கோத்தகிரி காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஃபிட்ஸுக்கு டோபிரமேட் சேர்த்த பிறகு தெரிந்த சொல்லே வாயில் வரமாட்டேன் என்கிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. சொல் நாக்கு நுனியிலேயே நிற்பது டோபிரமேட்டுக்கு உள்ள பக்கவிளைவுதான்; அளவு கூடினால் அதுவும் கூடும். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மெல்ல மாறுவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். அவரிடம் ‘மறதியா இருக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தேதியில் அளவு கூடியது, எப்போதிலிருந்து தடுமாற்றம், கணக்கில் என்ன தப்பு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஓபி கூட்டத்தில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்கு அதுதான் உதவும்.

கணவர் அவ்வப்போது வெறித்துப் பார்த்து வாயை மெல்லுவார். வலிப்பெல்லாம் இல்லை. ஆனால் போன மாதம் கல்யாணத்துக்குப் போனதே நினைவில்லை என்கிறார். வீட்டில் சண்டை. (குன்னூர்)

அதுவே வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டினால்தான் ஃபிட்ஸ் என்பதில்லை. இந்த வகை பெரும்பாலும் காதுக்கு முன்னால் இருக்கும் நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதியில் தொடங்கும். புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் இருப்பதும் அங்கேதான். பதியாத ஒன்றை ‘எப்படி மறந்தீங்க?’ என்று கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம்! அடுத்த முறை வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி., மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். வலிப்புதான் என்று உறுதியாகி, பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் நிற்கவில்லை என்றால், அறுவை சிகிச்சைக்கு ஏற்றவரா என்று கேளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிலையத்தில் அதற்கென்றே பிரிவு உண்டு. அறுவை சிகிச்சையாலும் நினைவாற்றல் குறையலாம். அதனால் முன்கூட்டியே நினைவுத் திறனைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

காலை மாத்திரையைப் போட்டேனா, இல்லையா என்றே தெரிவதில்லை. (கூடலூர் எஸ்டேட் தொழிலாளி)

ஏழு நாளுக்கும் கட்டம் போட்ட மாத்திரை டப்பா மெடிக்கலில் கிடைக்கும். ஞாயிறு ராத்திரி நிரப்பி, பல் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். கட்டம் காலி என்றால் போட்டாச்சு. டவர் இல்லாத இடத்திலும் போன் அலாரம் அடிக்கும். ‘அப்புறம் போடலாம்’ என்று அணைத்தால் மறந்தே போகும். சந்தேகத்தில் இன்னொன்று போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

வல்லாரை சாப்பிட்டால் ஞாபகம் வருமா? (உதகை)

துவையலாகச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். வலிப்பு மறதிக்கு மருந்து என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. சூரணம், மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதைவிடத் தூக்கத்தைக் கவனியுங்கள். ராத்திரி பஸ்ஸில் கண்விழித்து மலையிறங்கினால் மறுநாள் வலிப்பும் வரலாம், மண்டையும் ஓடாது.