கணினி கேள்வி–பதில்: ஜிபியு கடிகாரம் ஏன் முந்துகிறது?

கேள்வி: கெஸ்ட் லினக்ஸில் (மெய்நிகர் கணினிக்குள் ஓடும் லினக்ஸ்) வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தில் எழுதிய புரோகிராமை ஓட்டி, எந்த வேலை எப்போது நடந்தது என்ற டிரேஸ் எடுக்கிறேன். தொடக்கத்தில் ஒருமுறை சிபியு, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) நேர வித்தியாசத்தை அளந்து கழித்துவிடுகிறேன். முதலில் சரியாக இருக்கிறது. பத்து நிமிடம் போனதும், சிபியு அனுப்பாத வேலையை ஜிபியு ஏற்கெனவே முடித்துவிட்டதாகக் காட்டுகிறது. டிரைவரில் பிழையா?

பதில்: இல்லை. 'ஒருமுறை' அளந்ததுதான் சிக்கல். தனி கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி கிரிஸ்டல் (கடிகாரத் துடிப்பு தரும் படிகம்). அதன் வேகத்துக்கும் சிபியு பக்கக் கிரிஸ்டலின் வேகத்துக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே நொடிக்கு 20 மைக்ரோசெகண்ட் விலகும். 10 நிமிடத்தில் 12 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிசெகண்ட்தான்! நொடிக்கு ஒருமுறையாவது அளந்துகொள்ளுங்கள்.

எப்படி அளப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வல்கனின் கேலிபரேட்டட் டைம்ஸ்டாம்ப்ஸ் நீட்டிப்பு இரண்டு நேரத்தையும் சேர்த்தே தரும். ஆனால் டிரைவர் அந்த அழைப்பை அப்படியே ஹோஸ்டுக்கு (கெஸ்டைத் தாங்கும் நிஜக் கணினி) கடத்தினால், வருவது ஹோஸ்ட் பூட் ஆனதிலிருந்து ஓடும் மோனோடானிக் (பின்னோக்கிப் போகாத) நேரம். கெஸ்டின் கணக்கு கெஸ்ட் பூட் ஆனதிலிருந்து. எனவே ஹோஸ்டிடம் ஜிபியு எண்ணை மட்டும் வாங்குங்கள். சிபியு நேரத்தைக் கெஸ்டிலேயே, கேட்கும் முன் ஒன்றும் பதில் வந்ததும் ஒன்றுமாகப் படியுங்கள். முன்னது 5,000, பின்னது 5,080 மைக்ரோசெகண்ட் என்றால் ஜிபியு எண்ணுக்குரிய நேரம் 5,040. பிழை கூடவோ குறையவோ 40. அதற்குள் நெருங்கி நடந்த சிபியு, ஜிபியு நிகழ்வுகள் இரண்டில் எது முந்தியது என்று இந்த டிரேஸை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பத்து முறை எடுத்து, முன்னதுக்கும் பின்னதுக்கும் இடைவெளி மிகக் குறைந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம். நடுவே ஹோஸ்ட் விசிபியுவை (கெஸ்டின் மெய்நிகர் சிபியு) நிறுத்திவைத்தால் இடைவெளி மில்லிசெகண்ட் கணக்கில் நீளும். அந்த ஒன்றே சராசரியைக் கெடுத்துவிடும். சிபியு நேரத்தைப் படிக்க மோனோடானிக் ரா கடிகாரம் நல்லது, நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அதன் வேகத்தைத் திருத்துவதில்லை. லைவ் மைக்ரேஷன் (ஓடும்போதே கெஸ்டை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) நடந்தால் பழைய அளவை எறிந்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓடியதும் ஜிபியு நேரம் திடீரெனப் பின்னோக்கிப் போகிறதே?

பதில்: கவுன்ட்டர் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்புகிறது. டைம்ஸ்டாம்ப் வேலிட் பிட்ஸ் (எண்ணில் செல்லும் பிட்கள்) எத்தனை என்று பாருங்கள். 36 பிட், 19.2 மெகாஹெர்ட்ஸ் என்றால் 3,579 நொடியில், அதாவது 59 நிமிடம் 39 நொடியில் சுற்று முடியும். புதிய எண்ணிலிருந்து கடைசி அளவின் எண்ணை முழு எண்ணாகவே கழித்து, 36 பிட்டுக்கு மாஸ்க் போட்டு (கீழ் 36 பிட்டை மட்டும் வைத்து), பிறகே டைம்ஸ்டாம்ப் பீரியடால் (ஒரு துடிப்புக்கு எத்தனை நானோசெகண்ட்) பெருக்குங்கள். அதையும் டபிள் என்ற 64 பிட் தசம எண் வகையில் செய்யுங்கள். 32 பிட் ஃப்ளோட்டின் துல்லியம் 24 பிட்தான், கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும்.